ஆதி குணசேகரனும் நம் இல்லங்களும்

(வாழப்பாடியில் கூடிய நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

மறைந்த நடிகர் மாரிமுத்து அவர்களைக் குறித்து இன்று சில வார்த்தைகள் பேசுமாறு பணிக்கப்பட்டிருக்கிறேன். கல்வி நிதி, மாணவர் விடுதி, வரன் பதிவு முதலியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இம்மேடையில், தொலைக்காட்சித் தொடர்நாடகத்தில் நடித்த ஒருவரைப் பற்றிப் பேசுதல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். இப்பொருளை வேண்டுமென்று கேட்டவர்கள் நம் மாதர் பகுதியினர். சங்கத்தின் சரி பாதியாகிய அவர்கள் ஒரு மனிதரை நினைத்துப் பார்க்க விரும்புவார்களாயின், அதன் காரணத்தை ஆராய்வது மற்றப் பாதியினருடைய கடமையாகும். அவர் நம் ஜில்லாவினர் அல்லர். நமக்கு உறவினரும் அல்லர். அவர் இறந்த செய்தி கேட்டுக் கண் கலங்கிய நம் பெண்மணிகளுள் ஒருவரேனும் அவர் எக்குலத்தவர் என்று கேட்டதாக யான் அறியேன். இதனையும் சிறிது மனத்திற் கொள்ளுங்கள்.

முதலில் அவர் சரித்திரத்தைச் சுருக்கிக் கூறுகிறேன். தேனி ஜில்லாவிலே, வருஷநாட்டுப் பக்கத்தில், பசுமலைத்தேரி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். சினிமா இயக்குநராக வேண்டும் என்ற வேட்கையால் வீட்டை விட்டுச் சென்னை சேர்ந்தார். உணவு விடுதியில் வேலை செய்து வயிறு கழுவினார். கவிஞர் வைரமுத்து அவர்களிடம் சில காலம் உதவியாளராக இருந்தார். பின்னர் ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ். ஜே. சூர்யா முதலிய பலரிடம் உதவி இயக்குநராகத் தொழில் பயின்றார். 2008ஆம் ஆண்டில் ‘கண்ணும் கண்ணும்’, 2014ஆம் ஆண்டில் ‘புலிவால்’ என்னும் இரு படங்களைத் தாமே இயக்கினார். அவ்விரண்டும் அவர் எதிர்பார்த்த பெரும்பெயரை ஈட்டித் தரவில்லை. இதற்கிடையில் 2011ஆம் ஆண்டில் மிஷ்கின் இயக்கிய ‘யுத்தம் செய்’ படத்தில் போலீஸ் அதிகாரியாக நடித்தார். விரும்பிய வாயில் திறவாது நிற்க, விரும்பாத வாயில் தானே திறந்தது. இன்னும் பல படங்களில் நடித்த பின்னர், 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் அவர்கள் இயக்கத்தில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரன் என்னும் வேடம் ஏற்றார். முப்பது ஆண்டு உழைப்புக்குக் கிட்டாத புகழ் ஒன்றரை ஆண்டில் அவரைத் தேடி வந்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8ஆம் தேதி காலையில், அதே தொடருக்குக் குரல் கொடுத்துக் கொண்டிருந்த வேளையில் உடல் நலிவுற்று, அன்றே காலமானார். அறுபதை எட்டாத வயது. அவர் உடல் சொந்த ஊருக்கே கொண்டு செல்லப்பட்டது. உயிர் நீங்கிய பின்னரும் அவர் நடித்த ‘இந்தியன் 2’ படம் 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இனி, அவர் ஏற்ற வேடத்தைக் காண்போம். குணசேகரன் செல்வர், நால்வர் சகோதரருள் மூத்தவர். படித்த பெண்களைத் தம் குடும்பத்திற்கு மருமகள்களாகக் கொண்டு வந்து, அவர்களுடைய படிப்பு முழுவதையும் அடுப்படியில் அடைத்து வைப்பவர். தாம் சொன்னதே வீட்டுக்குச் சட்டம் என்பவர். அவர் மனைவி ஈஸ்வரி, தம்பி மனைவியர் ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் மெல்ல மெல்லத் தலைநிமிர்வதே கதை. குணசேகரனை நாள்தோறும் வைது கொண்டே பார்த்தவர்கள் நம் தாய்மார்கள். இரவு ஒன்பதரை மணிக்கு அவர் வாய் திறந்தவுடன், வடித்த சோற்றை எடுத்து வைக்கவும் மறந்து ஏசியவர்கள் உண்டு. அங்ஙனம் வைதவர்களே அவர் மறைந்த நாளில் நெருங்கிய உறவினரை இழந்தாற்போல வருந்தினார்கள். அவர் மறைவுக்குச் சிறிது முன் ஒளிபரப்பான காட்சியொன்றில் அப்பாத்திரம் தன் நெஞ்சிலே தோன்றும் வலியைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. அக்காட்சியைக் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் இட்டுப் பார்த்து மனம் நைந்தவர் பலர். வைதவர் ஏன் அழுதனர்? இதுவே நாம் விடை காண வேண்டிய வினா.

இது புதுமையன்று. நம் ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் நிகழும் படுகளத்தை நினைவு கூருங்கள். மண்ணால் சமைத்த துரியோதனன் உருவம் தரையில் நீண்டு கிடக்கிறது. பீமன் கதையோடு வருங்கால் கூடியிருப்போர் ஆரவாரிக்கின்றனர். துரியோதனன் வீழ்ந்த பின்னர்க் காந்தாரியின் ஒப்பாரி கேட்டு அதே கூட்டம் கண் கலங்குகிறது. தீமை ஒழிய வேண்டும் என்னும் நெஞ்சும், ஒரு தாயின் மகன் மாண்டானே என்று இரங்கும் நெஞ்சும் ஒன்றே. சேலத்திலே 1935ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸை நம் முன்னோர் அறிவர். 1950ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கம்பெனியின் ‘திகம்பர சாமியார்’ படத்தில் பல மாறுவேடங்களிற் கதாநாயகராக நடித்த எம். என். நம்பியார், பின்னர் நெடுங்காலம் கொடியவராகவே திரையிற் காட்சியளித்தார். ஜனங்கள் அவரைக் கண்டு பல்லைக் கடித்தனர். அவரோ மது மாமிசம் தொடாதவர். சபரிமலைக்கு அன்பர்களை ஆண்டுதோறும் அழைத்துச் சென்ற குருசாமி. 2008ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது நாட்டார் நல்ல மனிதர் ஒருவரை இழந்ததாகவே கருதினர். வடநாட்டிலும் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய இராமாயணத் தொடரில் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி 2021ஆம் ஆண்டில் மறைந்தபோது, இராமனை வணங்கியவர்களே இராவணனாக நடித்தவருக்கும் அஞ்சலி செலுத்தினர்.

ஆயினும் சினிமாவுக்கும் தொடர்நாடகத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சினிமாவை நாம் தேடிச் செல்கிறோம். தொடர்நாடகமோ நம்மைத் தேடி வீட்டினுள் வருகிறது. ஒரு படத்து நடிகரை ஆண்டிற்கு இரண்டு முறை காண்கிறோம். தொடர்நாடக நடிகரை வாரத்தில் ஆறு நாள், அதுவும் உணவு கொள்ளும் நேரத்தில், வீட்டார் நடுவே காண்கிறோம். வெளியூரிலுள்ள சொந்தச் சித்தப்பாவை நாம் அத்தனை முறை பார்ப்பதில்லை. டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து, திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவர் ஒருபக்க உறவு கொள்ளுகிறார் என்று எழுதினர். அவர் நம்மை அறியார். நாம் அவரை அறிவோம் என்று நம் நெஞ்சு நம்புகிறது. ஆகையால் அத்துக்கத்தைப் பேதைமை என்று நகைத்தல் கூடாது. உறவு ஒருபக்கமாயினும், கண்ணீர் பொய்யன்று.

இவ்வகை நாடகங்களின் வரலாறும் அறியத்தக்கது. 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்காக நாள்தோறும் தொடர்கதைகள் ஒலிபரப்பாயின. அவற்றிற்குப் பணம் கொடுத்தவர்கள் சவர்க்காரம் விற்கும் கம்பெனியார். அதனால் ‘சோப்பு நாடகம்’ என்று பெயர் வந்தது. வணிகத்திற்காகப் பிறந்த இக்கலையை மெக்ஸிகோ தேசத்து மிகுவேல் சபிடோ என்பவர் கல்விப் பிரசாரத்திற்குப் பயன்படுத்தினார். அவர் வழியைப் பின்பற்றி 1984ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் முதிய நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய நிகழ்ச்சியைக் குறித்துப் பார்ப்பவரைச் சிந்திக்கச் சொல்லுவார். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியலறிஞர் இருவர், தமிழ்நாடு உட்பட நம் நாட்டின் சில மாநிலங்களில் கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்த கிராமங்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொலைக்காட்சி வந்த பின்னர், கணவன் மனைவியை அடித்தல் தகும் என்று கூறும் பெண்கள் குறைந்தனர். ஆண் குழந்தையே வேண்டும் என்ற விருப்பம் தணிந்தது. வீட்டுக் காரியங்களில் பெண்களின் சொல்லுக்கு மதிப்பு கூடிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு. தொடர்நாடகங்களில் பழியும் பொறாமையும் நஞ்சு வைத்தலும் மலிந்திருப்பதை யான் மறுக்கவில்லை. ஆனால், தன் வீட்டுக்கு அப்பால் வேறுவகை வாழ்வும் உண்டு என்பதைப் பெண்ணொருத்தி அறிவதற்கு அதுவும் ஒரு சாளரமாயிற்று.

இனி எதிர்நீச்சலுக்கு வருகிறேன். குணசேகரனைப் பார்த்து நம் பெண்கள் பெற்ற ஆறுதல் யாது? தாம் நெடுநாளாகக் கேட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாதிருந்த சொற்களை அவர் உரக்கச் சொன்னார் என்பதே. “படித்தவள் என்றால் பெரிய ஆளோ?”, “சம்பாதித்துக் கிழித்தது போதும்” என்ற வகைப் பேச்சுகள் தொலைக்காட்சியில் பிறந்தவை அல்ல. நம் வீட்டுத் திண்ணையிலும் அவை கேட்டவையே. வீட்டில் தணிந்த குரலில் சொல்லப்படுவதனை மாரிமுத்து அவர்கள் ஊரறியச் சொல்லிக் காட்டினார். தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை சிறிதும் இன்றி, வெறுக்கத்தக்கதனை வெறுக்கும்படி நடித்தமையே அவர் செய்த உபகாரம். கண்ணாடியை நாம் நேசிப்பது அது பொய் சொல்லாமையால். அவருக்காகச் சிந்திய கண்ணீரின் பொருள் இதுவே என்று கருதுகிறேன்.

ஆண்மக்களிடையே நிகழ்ந்தது வேறு. “ஏம்மா ஏய்” என்று அவர் விளிக்கும் தொனி வேடிக்கையாகப் பரவிற்று. இளைஞர் அதனைக் கைப்பேசிப் படங்களாக்கி மகிழ்ந்தனர். நகைத்தல் குற்றமன்று, மாரிமுத்து அவர்களும் நகைச்சுவை நிரம்பிய மனிதரே. ஆனால் கொடுமையைக் கண்டு நகைப்பது ஒன்று. கொடுமை செய்பவனோடு சேர்ந்து நகைப்பது மற்றொன்று. வீட்டில் மனைவியை அத்தொனியில் அழைத்துவிட்டு, “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பவர் இரண்டாவது வகையினர். நாடகக்காரர் நீக்கக் காட்டிய நோயை நாம் அணியாகப் பூண்டு கொள்ளலாகாது.

சபையோர்களே! அபிமானிகள் தம் நடிகரை நினைப்பதற்குப் பல வழிகள் உண்டு. படத்துக்கு மாலையிடுதல் ஒன்று. அவர் காட்டியதனைத் தம் வீட்டில் சோதித்தல் மற்றொன்று. பின்னதையே செய்வோம்.

முதற் சோதனை, இரும்பு அலமாரியைத் திறப்பது. பக்கத்துச் சேலத்திலும் ஆத்தூரிலும் பட்டம் பெற்று, அப்பட்டத்தைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, மரவள்ளிக் கிழங்குக்கும் பாக்குக்கும் கூலிக் கணக்கு எழுதிக் கொண்டிருக்கும் மருமகள்கள் நம்மிடையே எத்தனை பேர்? அவர்கள் விரும்பி அவ்வாறு இருப்பாராயின் அது அவர்கள் உரிமை. கேட்கப்படாமலே இருப்பாராயின் அது நம் பிழை. பெண் பார்க்கும் நாளில் “பெண் என்ன படித்திருக்கிறாள்?” என்று கேட்கிறோம். மணமான பின்னர் “நீ என்ன செய்ய விரும்புகிறாய், அம்மா?” என்று கேட்பவர் யார்?

இரண்டாவது சோதனை, பத்திரப் பெட்டியைத் திறப்பது. எதிர்நீச்சல் கதையில் சொத்தின் பெரும்பங்கொன்று அப்பத்தாவின் பெயரில் இருப்பதே குணசேகரனின் உறக்கத்தைக் கெடுத்தது. கதாசிரியர் நோயின் வேரைச் சரியாகத் தொட்டார். சட்டம் என்ன சொல்லுகிறது? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுச் சட்டம் தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. 1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அதுகாறும் மணமாகாத பெண்களுக்குக் கூட்டுக்குடும்பப் பிதிரார்ஜித சொத்திலும் ஆண்மக்களுக்கு நிகரான உரிமை தந்தது. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், மணமானவர் மணமாகாதவர் என்ற பேதமின்றி அவ்வுரிமையை நாடெங்கும் விரித்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்க, நம் வழக்கம் எங்கே நிற்கிறது? சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று கூறி, உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் இடத்திலேயே நிற்கிறது. அவள் மனமார விட்டுக்கொடுப்பது வேறு; “கையெழுத்து இடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் இல்லை” என்ற அச்சத்தால் இடுவது வேறு. நம் ஜில்லாவின் நிலை உங்களுக்குத் தெரியும். பெண் சிசுக்களைக் காப்பதற்கென்று 1992ஆம் ஆண்டில் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியது நம் சேலத்தில் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி. பெண் பாரம் என்ற எண்ணம் தொட்டிலில் தொடங்கிப் பத்திர அலுவலகம் வரை செல்லும் ஒரே நூல்.

மூன்றாவது சோதனை சற்றுக் கடினமானது. சங்கத்தின் மேடையிலேயே அதனைச் சொல்லுதல் பொருந்தும். 2018ஆம் ஆண்டில் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் மாரிமுத்து அவர்கள் ஒரு பெண்ணின் தந்தையாக நடித்தார். அத்தந்தை கொடியவர் அல்லர், மென்மையாகப் பேசுபவர். தம் மகளோடு பழகிய வேறு சாதி இளைஞன் தம் உறவினரால் அவமானப்படுத்தப்படுவதைத் தடுக்க வலிமையின்றிக் குலத்தாரின் சொல்லுக்கு அஞ்சி நிற்பவர். குணசேகரன் உரத்த கொடுமை. இத்தந்தை மௌனமான கொடுமை. நம்மில் பெரும்பாலோர் குணசேகரன் அல்லர் என்று மகிழலாம். இத்தந்தை அல்லர் என்று துணிந்து கூற இயலுமோ? 2015ஆம் ஆண்டில் நம் சேலம் ஜில்லாவின் பட்டதாரி இளைஞர் ஒருவர், வேற்றுச் சாதிப் பெண்ணொருத்தியோடு பேசிப் பழகியதன் பொருட்டுக் கொலையுண்டு, நாமக்கல் ஜில்லா எல்லையில் இருப்புப் பாதையிற் கிடந்தார். 2022ஆம் ஆண்டில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொன்றவர் சிலர், வாய்மூடி இருந்தவர் எத்தனை பேர்? சங்கங்கள் பிறந்தது ஏழைப் பிள்ளை படிக்கவும், விதவைக்கு உதவவும், வழக்கின்றி வாழவும். மக்கள் மனத்தின் வாசலில் காவல் நிற்பதற்கு அன்று. நடிகர் ஒருவர் இறந்தபோது குலம் கேளாது அழுத தாய்மார்களின் உள்ளம், உயிரோடு இருக்கும் பிள்ளைகள் விஷயத்திலும் அவ்வாறே விரியுமாயின் அதைவிடப் பெரிய அஞ்சலி இல்லை.

அவர் மரணத்திலிருந்து நாம் அறிய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் உடல் நலிவுற்ற அவர், வெளியே வந்து தம் வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குச் சென்றார் என்று உடன் நடித்தோர் கூறினர். யாருக்கும் தொல்லை தரலாகாது என்ற எண்ணம் நம் குடியானவர்களிடமும் மிகுதி. நெஞ்சின் நடுவே அழுத்தமோ, இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, காரணமற்ற வியர்வையோ, மூச்சு முட்டுதலோ தோன்றுமாயின், வாயுவென்று எண்ணி ஓமநீர் குடித்துக் காத்திராதீர்கள். தாமே வண்டி ஓட்டவும் கூடாது. 108 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இதயத்தின் இரத்தக்குழாய் அடைபட்டால், கழியும் ஒவ்வொரு நிமிஷத்திலும் தசை சிறிது சிறிதாக மடிகிறது. பெண்களுக்கு வலி இல்லாமலே களைப்பும் குமட்டலுமாக இந்நோய் வருவதும் உண்டு. வீட்டார் அனைவரையும் கவனித்துத் தம்மைக் கவனியாத தாய்மார்கள் இதனைச் சிறப்பாகக் கேட்பார்களாக.

மறைவதற்குச் சில வாரங்கள் முன்னர், அவர் தொலைக்காட்சி விவாதமொன்றில் சோதிடர்களோடு வாதாடி, உழைப்பையே நம்ப வேண்டும் என்னும் தம் கொள்கையை வெளிப்படையாகக் கூறினார். அவர் மறைந்ததும் அதனையே பற்றிக்கொண்டு ஏளனம் செய்தவர்கள் சிலர். சோதிடத்தில் நம்பிக்கை உடையாரும் இல்லாரும் நம் சபையில் உண்டு. அவ்வழக்கை இங்கே தீர்க்க யான் முயலவில்லை. இறந்தவர் வாய் திறந்து விடை கூற மாட்டார் என்றறிந்து ஏளனம் செய்தல் எந்த நம்பிக்கைக்கும் அழகன்று என்று மட்டும் கூறுவேன்.

அவருக்குப் பின் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அவர்கள் அவ்வேடத்தை ஏற்றார். தொடர் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிறைவுற்றது. அவ்வாண்டின் இறுதியில் அதன் தொடர்ச்சியும் தொடங்கியது. வேடம் ஆள் மாறி நிலைக்கும்; குணசேகரன் என்னும் பாத்திரத்திற்குச் சாவில்லை. நம் இல்லங்களில் அவனுக்கு இடமில்லாமற் செய்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.

முடிவாக மூன்று விண்ணப்பங்கள். சங்கத்தின் கல்வி நிதியில் மணமான பெண்கள் மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும். பெண்களின் சொத்துரிமையை விளக்கிச் சொல்ல ஆண்டிற்கு ஒரு நாளேனும் வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக் கூட்டம் நடத்த வேண்டும். சங்கத்தின் நிர்வாக சபையில் மாதருக்கு, கோலமிடுவதற்கும் வரவேற்பதற்கும் அன்றி, வாக்களிப்பதற்கும் இடம் வேண்டும். இம்மூன்றையும் தலைவர் அவர்கள் அடுத்த சபைக் கூட்டத்தில் ஆலோசனைக்கு வைப்பார்கள் என்று நம்புகிறேன்.

வருஷநாட்டு மலையடியிலிருந்து வெறுங்கையோடு புறப்பட்டு, பிறர் வெறுப்பைத் தாம் ஏற்று, நம் பெண்களின் நாவிற்குச் சொல் தந்து சென்ற அக்கலைஞரின் நினைவு நம்மிடையே நன்மையாக விளைவதாக!